மாட்டுப் பதிவுச் சேவை: மையத்தை எங்கே வைப்பது, எவ்வளவு ஆகும்?

யெலஹங்கா கணக்கு கேட்டது:

பெங்களூர் ரூரல், கோலார் பக்கம் உள்ள பால் உற்பத்தியாளர்களுக்காக ஒரு செலவுக் குறிப்பு தயாரிக்கிறேன். மாட்டின் காதில் போடும் 12 இலக்கத் தோடு (இங்கே கன்னடத்தில் 'கிவியோலெ') ஏற்கெனவே இருக்கிறது. தேசியப் பதிவேடும் இருக்கிறது: முதலில் ஆனந்தில் உள்ள தேசிய பால்வள வாரியத்தின் இனாஃப், இப்போது பாரத் பசுதன். ஆனால் பிறப்பு, விற்பனை, தடுப்பூசி, இறப்பு ஆகிய நான்கையும் விடாமல் பதிவு செய்து, தவறைத் திருத்தி, விவசாயி போன் செய்தால் எடுத்துப் பேசுகிற ஒரு மாநிலச் சேவை வேண்டுமானால் என்ன செலவாகும்?

கையில் கிடைத்த ஒரு வரைவுத் திட்டத்தில் மொத்தத் தொகையில் பாதிக்கு மேல் சர்வருக்கும் மென்பொருளுக்கும் போகிறது. தோடு, ஒரே தடவைச் செலவு. மையம் பெங்களூரின் ஐ.டி. பகுதியான ஒயிட்ஃபீல்டில், 15,000 சதுர அடி. பிரிட்டன் 1998இல் தன் மாட்டுப் பதிவு மையத்தை லண்டனில் வைக்காமல், இங்கிலாந்தின் வடமேற்கு மூலையில் உள்ள வொர்க்கிங்டன் என்ற சிற்றூரில் வைத்ததைப் படித்ததிலிருந்து ஒயிட்ஃபீல்ட் ஏன் என்ற கேள்வி விடவில்லை.

2019 கணக்கெடுப்பின்படி கர்நாடகத்தில் பசு, காளை ஏறத்தாழ 85 லட்சம், எருமை ஏறத்தாழ 30 லட்சம். ஆக 1.15 கோடி என்று வைத்துக்கொள்கிறேன். ஆடுகளை இப்போதைக்கு விட்டுவிடலாம். எங்கே தப்பு செய்கிறேன் என்று சொல்லுங்கள்.

---

தொழுவம் பதில்:

தோடு ஒரே தடவைச் செலவு என்ற வரியை முதலில் அடித்துவிடுங்கள் சார். மொத்தக் கணக்கும் அங்கேதான் கவிழ்கிறது.

40,000 மாடு உள்ள ஒரு தாலுக்காவை எடுத்துக்கொள்வோம். கீழே வரும் கூலியும் விலையும் கணக்குக்காக வைத்தவை, உங்கள் பக்கத்து ரேட்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். இரண்டு பேர், ஒரு பைக், வீடு வீடாகப் போனால் நாளைக்கு 50 மாடு. இருவர் கூலி 1,400, பெட்ரோல் 250, ஆக 1,650 ரூபாய். 800 நாள் வேலை, 13.2 லட்சம். தோடு 10 ரூபாய் என்றால் 4 லட்சம்தான். அதாவது தோட்டை விட அதைப் போடும் கைக்கு மூன்று மடங்குக்கு மேல் போகிறது.

இரண்டாம் வருடம் என்ன ஆகும்? புதுக்கன்று, வெளியூரிலிருந்து வாங்கி வந்தது என்று நூற்றுக்கு 25 புதிதாக வரும், அதாவது 10,000. தோடு விழுந்தது நூற்றுக்கு 5 என்றால் 2,000. இந்த 12,000 மாடும் ஒரே தெருவில் நிற்காது. இந்த ஊரில் ரெண்டு, அந்த ஊரில் மூணு. தேடிப் போனால் நாளைக்கு 20 தேறும். 600 நாள், 9.9 லட்சம். முதல் வருடக் கூலியில் முக்கால் பங்கு வருடா வருடம் வந்துகொண்டே இருக்கும். மாநிலத்தின் 1.15 கோடி மாட்டுக்கு இப்படி 287 பங்கு என்று பெருக்கினால் வருடத்துக்கு 28 கோடி.

இதைக் குறைக்க ஒரே வழி, தனியாகப் போகாமல் கோமாரி ஊசிக் குழுவோடு போவது. அவர்கள் 6 மாதத்துக்கு ஒரு முறை எப்படியும் ஒவ்வொரு கொட்டிலுக்கும் போகிறார்கள். மாடு ஏற்கெனவே பிடித்து நிற்கும்போது தோடு போட்டுப் பதிய 4 நிமிடம் கூடுதல். 12,000 மாட்டுக்கு 800 மணி நேரம், ஏறத்தாழ 115 குழு நாள், 1.9 லட்சம். 9.9 எங்கே, 1.9 எங்கே! ஆனால் அந்த 4 நிமிடத்தைத் திட்டத்தில் எழுதி ஆள் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் ஊசியை மட்டும் போட்டுவிட்டு, பதிவை ராத்திரி வீட்டில் உட்கார்ந்து மனப்பாடமாகச் செய்வார்கள். பாதிக் குப்பை அங்கேதான் உருவாகிறது.

இதில் ஒரு ஓட்டையும் உண்டு. கோமாரி முதல் ஊசி கன்றுக்கு 4 மாதத்தில்தான். அதற்குள் கைமாறிப் போகும் கலப்பினக் காளைக்கன்று பதிவேட்டுக்குள் வரவே வராது. அதைச் சரிக்கட்ட, சினை ஊசி (செயற்கைக் கருவூட்டல்) போட்ட தேதியிலிருந்து 290 நாள் கழித்து 'கன்று ஈன்றதா?' என்று ஒரு நினைவூட்டலைச் சினை ஊசி போட்டவருக்கே அனுப்பலாம். அதிகச் செலவில்லாத வழி.

தோடு ஏன் விழுகிறது என்பதையும் குறிப்பில் சேருங்கள், இதில்தான் பணம் மிச்சம். காதை விரித்து வெளிச்சத்தில் பார்த்தால் இரண்டு தடித்த குருத்தெலும்பு வரம்பு தெரியும். அவை இரண்டுக்கும் நடுவில், காதின் நீளத்தில் பாதி தூரத்தில் ஊசிமுனை போக வேண்டும். நுனிப்பக்கம் போட்டால் தீவனத் தொட்டியிலோ கயிற்றிலோ மாட்டிக் கிழியும். அடிப்பக்கம் போட்டால் காற்றோட்டம் இல்லாமல் சீழ் கோக்கும். ஒரு கம்பெனி இடுக்கியில் இன்னொரு கம்பெனித் தோட்டைப் போட்டால் ஊசி வளையும், தோடு கோணலாகப் பூட்டும், இரண்டு மாதத்தில் காணாமல் போகும். 'டக்' என்று ஒரு சத்தம் கேட்க வேண்டும், பூட்டியபின் தோடு விரலால் சுற்றினால் சுழல வேண்டும். சுழலாவிட்டால் காது நசுங்கியிருக்கிறது. ஒவ்வொரு மாட்டுக்கும் முன்னால் முனையை அயோடின் கரைசலில் நனைப்பது கட்டாயம். மழைக்காலத்தில் ஈ மொய்த்துப் புழு வைத்தால் அந்த ஊரில் அடுத்த முறை ஒருவரும் மாட்டைப் பிடித்துக் கொடுக்க மாட்டார்கள்.

---

சர்வர் அறை பதில்:

சர்வர் விஷயத்தை நான் சொல்கிறேன், சுருக்கமாக முடிந்துவிடும். ஒரு மாட்டுக்கு வருடத்துக்கு 4 நிகழ்வு: இரண்டு கோமாரி ஊசி, ஒரு சினை ஊசி, மற்றது ஒன்று. 1.15 கோடி மாட்டுக்கு 4.6 கோடி வரிகள். வரிக்கு 1 கேபி என்றால் வருடத்துக்கு 46 ஜிபி. அட்டவணை, நகல் எல்லாம் சேர்த்து ஐந்து மடங்கு வைத்தாலும் 230 ஜிபி. இன்றைய கைபேசியில் அடங்கும்.

வேகம்? 45 நாள் ஊசி இயக்கத்தில் நாளைக்கு 2.5 லட்சம் பதிவு, அதில் 70 சதவீதம் காலை 4 மணி நேரத்தில். வினாடிக்கு 12. நெட்வொர்க் இல்லாத ஊர்களின் கைபேசிகள் மாலையில் ஒரே நேரத்தில் கொட்டும்போது பத்து மடங்கு ஆகட்டும், 120. இதற்கு யாராவது பல கோடி கேட்டால் சிரித்துவிட்டு நகருங்கள். மாநிலத் தரவு மையம் ஒன்று, வேறு நகரத்தில் நகல் ஒன்று. தேசிய தகவலியல் மையத்துக்குப் புனே, ஹைதராபாத், புவனேசுவரம், டெல்லி ஆகிய இடங்களில் பெரிய தரவு மையங்கள் இருக்கின்றன. சர்வர் எந்த ஊரில் இருந்தாலும் கொட்டிலில் நிற்பவருக்கு வித்தியாசமே தெரியாது.

யாரும் பார்க்காத செலவு ஒன்று உண்டு: எஸ்எம்எஸ். கன்னடத்தில் (தமிழிலும்தான்) ஒரு தனிச் செய்திக்கு 70 எழுத்துதான், அதுவும் புள்ளி, கால், கொம்பு எல்லாம் தனித்தனி எழுத்தாக எண்ணப்படும். அதைத் தாண்டினால் துண்டுக்கு 67. '12 இலக்க எண், ஊசியின் பெயர், தேதி, அடுத்த தேதி, இலாகா பெயர்' என்று 140 வந்துவிட்டால் 3 துண்டு. துண்டுக்கு 15 பைசா என்று போட்டால் 4.6 கோடி செய்திக்கு 2 கோடி ரூபாய். எண்ணின் கடைசி 4 இலக்கத்தை மட்டும் வைத்து 70க்குள் அடக்கினால் 69 லட்சம். செய்தியின் வார்ப்புரு டிஎல்டியில் (மொத்த எஸ்எம்எஸ்களுக்கான பதிவுத் தளம்) ஒரு தடவை ஒப்புதல் ஆனபின் மாற்றுவது பெரும் தொல்லை, ஆகவே பதியும் முன்பே எண்ணிப் பாருங்கள்.

மையம் பெங்களூரில் இருப்பதே நல்லது என்று நினைக்கிறேன். கால்நடை நோய்ப் பரவலியல் நிறுவனமான நிவேதி யெலஹங்காவில், கால்நடைக் கல்லூரி ஹெப்பாளில். நோய் முன்னெச்சரிக்கைக்கு இந்தத் தரவு அவர்களுக்குத்தான் முதலில் வேண்டும்.

---

பேரேடு பதில்:

சர்வர் அறை சொன்னதில் கடைசிப் பத்தியை மட்டும் மறுக்கிறேன். தரவு யெலஹங்காவுக்குப் போக வேண்டும், சரி. அது கம்பியில் போகும், ஆள் போக வேண்டாம். ஆள் தேவைப்படுவது தவறுகளைப் போனில் கேட்டுச் சரிசெய்யும் திருத்த மேசைக்கு. செலவு, இடம் இரண்டையும் முடிவு செய்ய வேண்டியது அந்த மேசையை வைத்துத்தான்.

40,000 மாட்டுத் தாலுக்காவில் வருடத்துக்கு 1.6 லட்சம் பதிவு. அதில் 3 சதவீதம் தவறு என்று வைத்தால் 4,800. எண்ணில் ஒரு இலக்கம் மாறியது, செத்த மாட்டுக்கு ஊசி, காளைக்குச் சினை, ஒரே கைபேசி எண்ணில் ஊரே. ஒன்றைத் திருத்த இரண்டு போன், 15 நிமிடம். 1,200 மணி நேரம். மாநிலத்துக்கு 3.45 லட்சம் மணி நேரம், ஆளுக்கு வருடத்துக்கு 1,800 மணி என்றால் ஏறத்தாழ 190 பேர். சம்பளம் 25,000 என்றால் வருடத்துக்கு 5.7 கோடி.

இந்த 190 பேரைக் குறைக்க வேண்டுமானால் தவறு பிறக்கும் இடத்தில் பிடிக்க வேண்டும். எண்ணைத் தட்டச்சு செய்ய விடக்கூடாது, பார்கோடை மட்டுமே ஸ்கேன் செய்ய வேண்டும். தோட்டில் சாணி அப்பியிருக்கும், கொட்டிலில் இருட்டு. ஈரத் துணியும் சின்ன டார்ச்சும் ஒவ்வொரு குழுவுக்கும் தர வேண்டும். தவறு 1 சதவீதத்துக்கு இறங்கினால் மேசைக்கு 64 பேர் போதும். துணிக்கும் டார்ச்சுக்கும் ஆகும் செலவைப் பார்க்கும்போது இது கொள்ளை லாபம்.

இனி இடம். வொர்க்கிங்டன் உதாரணத்தை அப்படியே எடுக்காதீர்கள். அங்கே பிஎஸ்இ என்ற பைத்திய மாட்டு நோய்க்குப் பின் 1996இல் மாட்டுப் பாஸ்போர்ட் வந்தது, பெரும்பாலும் தபாலிலும் போனிலும் நடந்தது. பெரும்பாலும் ஒரே மொழி. தபால் எந்த ஊருக்கும் போகும், பழைய தொழில் நலிந்த ஊருக்கு வேலை கிடைத்தது, சரிதான். அங்கே பிறந்த கன்றைப் பதிய 27 நாள், இடம் மாறினால் 3 நாள், செத்தால் 7 நாள் என்று கெடு உண்டு, தவறினால் விவசாயிக்கே நஷ்டம். இங்கே பதிவது விவசாயி இல்லை, ஊசி போடுபவர். ஆகவே மேசை பேச வேண்டியது இரண்டு பேரிடம், அதுவும் அவரவர் பேச்சில். பெலகாவியில் மராட்டி கலந்த கன்னடம், கலபுரகியில் உருதுவும், கோலாரில் தெலுங்கு, தங்கவயல் பக்கம் நம் தமிழ். ஒயிட்ஃபீல்டில் ஒரே கூடத்தில் உட்கார்ந்திருப்பவர் பீதர் விவசாயியிடம் பேசினால் பாதி அழைப்பு 'ஏனு? ஏனு?' என்பதிலேயே போய்விடும்.

நேரமும் முக்கியம். காலை 6 முதல் 8, மாலை 5 முதல் 7 வரை பால் கறந்து சங்கத்துக்குக் கொண்டுபோகும் நேரம், போனை எடுக்க மாட்டார்கள். கிடைப்பது 11 முதல் 2, பிறகு இரவு 7.30க்கு மேல். பெங்களூரில் இரவு ஷிப்ட் என்றால் பெண் ஊழியர்களுக்கு வண்டி விட வேண்டும். ஒயிட்ஃபீல்டிலிருந்து இரவு 9.30க்கு வண்டி விடும் செலவு என்னவென்று அங்கே வேலை செய்கிற யாரையும் கேளுங்கள்!

என் யோசனை: நான்கு வருவாய்க் கோட்டத்துக்கும் ஒன்று, பெங்களூர் கோட்டத்தின் மேசையைத் துமகூரிலோ சித்திரதுர்காவிலோ வைக்கலாம். மைசூர், பெலகாவி, கலபுரகி மற்ற மூன்று. பெங்களூரில் 15 பேர் போதும்: தரவுத்தளம், நோய் ஆய்வாளர்களோடு தொடர்பு, கொள்முதல். அவர்களுக்கு ஹெப்பாள் கல்லூரி வளாகத்தில் இரண்டு அறை கிடைத்தால் வாடகையே இல்லை. சிறிய ஊரில் சம்பளம் மாதம் 7,000 குறைவு என்று வைத்தால் 190 பேருக்கு வருடத்துக்கு 1.6 கோடி மிச்சம். அதை விட, சிறிய ஊரில் ஆள் நிற்பார்கள். ஆறு மாதத்தில் வேறு கம்பெனிக்குப் போய்விடுகிறவருக்கு 'இந்த ஊர்க்காரர்கள் தாத்தா பெயரில்தான் பதிவு வைப்பார்கள்' என்ற விவரம் பிடிபடவே பிடிபடாது.

---

134.2 பதில்:

அடுத்து யாராவது வந்து 'பார்கோடு வேண்டாம், சிப் வைத்த தோடு போடுவோம்' என்பார்கள். அதற்கு முன்பாகவே ஒன்று சொல்லிவிடுகிறேன்.

ஐஎஸ்ஓ 11784 தரப்படி சிப்பில் 64 பிட். அதில் 10 பிட் நாட்டுக் குறியீடு, இந்தியாவுக்கு 356. மாட்டின் எண்ணுக்கு 38 பிட். 38 பிட்டில் அடங்கும் பெரிய எண் 274877906943. ஆகவே 12 இலக்க எண் 28, 34, 42 என்று தொடங்கினால் சிப்பில் அப்படியே எழுத முடியாது. சிப்பில் ஓர் எண், தோட்டின் மேல் வேறு எண், நடுவில் ஒரு பொருத்தப் பட்டியல் என்று ஆகிவிடும். அந்தப் பட்டியலில் ஒரு கோப்பு தப்பாக ஏறினால் ஒரு பெட்டித் தோடு முழுக்க வேறு மாட்டைக் காட்டும். கொள்முதலுக்கு முன்பே எண் வரிசையைச் சோதியுங்கள்.

விலை: சாதாரணத் தோட்டை விட 90 ரூபாய் கூட என்றால் 1.15 கோடி மாட்டுக்கு 103 கோடிக்கு மேல். ஆஸ்திரேலியாவில் 2005இல் நாடு முழுக்கக் கட்டாயமாக்கினார்கள். அங்கே ஒரே யார்டில் ஆயிரக்கணக்கில் மாடு ஓடும், நின்று பார்கோடு பார்க்க முடியாது. இங்கே மூன்று மாட்டுக் கொட்டிலில் மாடு கயிற்றில் நிற்கிறது. சிப் தேவைப்படும் இடம் சந்தையும் பெரிய பண்ணையும்தான்.

சந்தையில் வாசல் போல நிற்கும் ஆண்டெனா வாங்காதீர்கள். சிப்பைப் படிக்கும் 134.2 கிலோஹெர்ட்ஸ் அலைக்கு இரும்புக் குழாய் வளையம் பரம எதிரி. மூடிய இரும்புச் சட்டத்துக்கு அருகில் வைத்தால் காந்தப் புலத்தை அதுவே தின்றுவிடும், படிக்கும் தூரம் வெகுவாகக் குறையும். பக்கத்தில் மலிவான எல்ஈடி விளக்கோ ஜெனரேட்டரோ இருந்தால் இரைச்சல். கைத்தடி ரீடர் போதும், காதுக்கு 20 செ.மீ. பக்கம் நீட்டினால் படிக்கும்.

---

யெலஹங்கா கணக்கு:

எல்லோருக்கும் நன்றி. கணக்கை மாற்றிவிட்டேன்: களம் முதலில், மேசை அடுத்து, எஸ்எம்எஸ் அதன்பின், சர்வர் கடைசி. இன்னும் ஒன்று மட்டும் புரியவில்லை. மாடு விற்கும்போது விற்பவர் கைபேசிக்கு ஓடிபி போய், அவர் சொன்னால்தான் உரிமை மாறும் என்று வரைவில் இருக்கிறது. சந்தையில் இது நடக்குமா?

---

தொழுவம் பதில்:

நடக்காது. ஒரே காலையில் மாடு மூன்று தரகர் கை மாறும். விற்றவர் பணத்தை மடியில் கட்டிக்கொண்டு பஸ் ஏறியிருப்பார். ஓடிபி கேட்டு யார் போன் செய்தாலும் எடுக்க மாட்டார், எடுத்தாலும் மோசடி என்று வைத்துவிடுவார். அவரையும் குறை சொல்ல முடியாது.

'மாடு எங்கே இருக்கிறது', 'மாடு யாருடையது' என்ற இரண்டையும் பிரித்துவிட வேண்டும். நோய் வந்தால் முதலில் வேண்டியது இடம்தான். 2017இல் நியூசிலாந்தில் மைக்கோபிளாஸ்மா போவிஸ் என்ற மாட்டு நோய் வந்தபோது பதிவேடு இருந்தும் மாடு போன இடங்கள் பல பதியப்படாமல் கிடந்தன, தேடுவதற்குள் நோய் முந்திக்கொண்டது. இங்கும் 2022இல் தோல் கட்டி நோய் வந்தபோது சந்தையையே மூட வேண்டியிருந்தது. எந்த மாடு எந்தச் சந்தைக்கு வந்துபோனது என்று தெரிந்தால் அந்த மாடுகளை மட்டும் தேடலாம்.

ஆகவே சந்தையில் நுழையும்போதும் போகும்போதும் எண்ணும் இடமும் மட்டும் பதிவாகட்டும், ஓடிபி வேண்டாம். வாங்கியவர் ஊரில் அடுத்த ஊசிக்குழு போகும்போது உரிமை மாறட்டும். வண்டியில் ஏற்ற வாங்கியவருக்கு எப்படியும் ஒரு காகிதம் வேண்டும். சந்தைக் கட்டண ரசீதிலேயே தோடு எண்ணை அச்சடித்தால் அவரே வரிசையில் நின்று பதிந்துகொள்வார்.

தோடு விழுந்த மாட்டுக்குப் புதுத் தோடு போடும்போது பழைய எண்ணோடு இணைக்க வேண்டும், இதையும் சேருங்கள். இணைக்காமல் புது மாடாகப் பதிந்தால் வருடத்துக்குத் தாலுக்காவில் 2,000 பேய் மாடு கூடும். ஊசி விகிதம் களத்தில் நூற்றுக்கு 90ஆக இருந்தாலும் பதிவேட்டில் வருடா வருடம் இறங்கிக்கொண்டே போகும்.

---

பேரேடு பதில்:

ரசீது யோசனை பிரமாதம். ஆனால் சந்தை விடிவதற்கு முன்பே கூடிவிடும், ரசீது போடும் குத்தகைக்காரர் மேசையில் ஒரு குண்டு பல்ப்தான் இருக்கும். சந்தைக்கு இரண்டு கைத்தடி ரீடர், மாற்று பேட்டரி, சின்ன வெப்ப அச்சுப் பெட்டி, 20 சுருள் தாள், தலையில் கட்டும் டார்ச் 2 என்று தனி வரியாகப் போடுங்கள். சிப் இல்லாத தோட்டுக்குக் கடைசி 4 இலக்கத்தைப் பெரிதாக அச்சடிக்கச் சொல்லிக் கொள்முதல் விதியிலேயே எழுதிவிடுங்கள், ராத்திரியில் கண்ணால் படிப்பது அதைத்தான்.